திருப்புட்குழி வழியே ஒரு மருந்துக் கொம்பைத் தேடி

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டியதும் பாலுசெட்டிசத்திரம் வரும். அங்கே சாலையை விட்டு இறங்கினால் சிறிது தூரத்தில் திருப்புட்குழி. நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய தலம். மூலவர் விஜயராகவப் பெருமாள், தாயார் மரகதவல்லி. சீதையைத் தூக்கிச் சென்ற இராவணனோடு பொருது சிறகிழந்து வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்தது இங்கேதான் என்று தலபுராணம் சொல்கிறது. கோயிலின் எதிரே உள்ள குளத்துக்கும் ஜடாயு தீர்த்தம் என்றே பெயர். இராமாநுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இவ்வூரில்தான் என்பது வைணவ மரபு. வறுத்த பயறு முளைத்தால் பிள்ளைப்பேறு வாய்க்கும் என்ற நம்பிக்கையோடு இன்றும் பெண்கள் இங்கே வருகிறார்கள். காஞ்சிக்குப் பட்டெடுக்க வரும் கூட்டத்தில் மிகச் சிலரே இந்தப் பக்கம் திரும்புவதால், ஊர் அமைதியாக இருக்கிறது. ஆனால் இந்த வட்டாரத்து மண் அமைதியான மண் அல்ல. இங்கிருந்து வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய புள்ளலூரில், 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10 அன்று, கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் அதுவரை கண்டிராத பெருந்தோல்வியைக் கண்டது. திருப்புட்குழியிலிருந்து புள்ளலூர் வரையிலான இந்தச் சிறு பயணத்தில் ஒரு கேள்வி கூடவே வருகிறது. அந்தப் போர்களில் தோளில் துப்பாக்கியும் இடுப்பில் மருந்துக் கொம்புமாக நடந்த சாதாரணக் காலாளைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அவன் சுமந்த அந்தக் கொம்பை நம் வரலாறு ஏன் கைவிட்டது? அதை மீண்டும் வீட்டில் செய்து பார்ப்பது வெறும் பொழுதுபோக்காகாது, வரலாற்றுக்குச் செய்யும் ஒரு கடன் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மருந்துக் கொம்பு என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தோட்டா வருவதற்கு முன், துப்பாக்கியின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, குண்டையோ ரவையையோ இட்டு, கோலால் இடித்துக் கெட்டித்துத்தான் சுட வேண்டும். குழலின் அடியில் உள்ள பற்றுவாயில் இன்னும் நுண்ணிய மருந்தைச் சிட்டிகையளவு வைத்து, கனன்றுகொண்டிருக்கும் திரியால் அதைப் பற்றவைக்க வேண்டும். இந்த மருந்தை மழையிலும் வேர்வையிலும் நனையாமல், நெருப்புப் பொறிக்கு எட்டாமல், ஓடும்போது சிந்தாமல் கொண்டுபோக ஒரு கலம் தேவைப்பட்டது. இரும்பு துருப்பிடிக்கும், கல்லில் உரசினால் பொறி கிளப்பும். மண் உடையும். துணி நனையும். மாட்டுக் கொம்போ எடை குறைந்தது, நீர் புகாதது, உரசினால் பொறி எழுப்பாதது, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாதது. அடி அகன்று நுனி கூம்பிய அதன் வடிவமே ஒரு புனல். அடியை மரத்தால் அடைத்து, நுனியில் துளையிட்டு, ஒரு குமிழை மூடியாகச் செருகிவிட்டால் கலம் ஆயத்தம். மாட்டின் இடக்கொம்பு ஒரு பக்கமும் வலக்கொம்பு மறுபக்கமும் வளைவதால், சுமப்பவன் எந்த இடுப்பில் தொங்கவிட விரும்புகிறானோ அதற்குப் பொருந்தும் கொம்பைத் தேர்ந்துகொள்ளலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் ஒரே காலத்தில் ஒரே பொருளைக் கைகள் தேடிப் போனதற்கு இந்த இயற்பியல்தான் காரணம். யாரும் யாரையும் பார்த்துப் படி எடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. முகலாய அரசவையில் மான் முதலிய விலங்குகளின் வடிவில் தந்தத்தில் கடைந்த பற்றுமருந்துக் குப்பிகள் இருந்தன; அவற்றுள் சில இன்று நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பேழைகளில் இருக்கின்றன. அவை பிரபுக்களின் வேட்டைக்கானவை. காலாளுக்குக் கிடைத்தவை கொம்பும் தோலும் சுரைக்குடுக்கையும்தான்.

தொண்டை நாட்டில் துப்பாக்கி எவ்வளவு பழையது என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. திருப்புட்குழியிலிருந்து காஞ்சிக்குத் திரும்பி வரதராசப் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்தால், விஜயநகரக் காலத்து நூற்றுக்கால் மண்டபம் நிற்கிறது. ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலியைப் பார்க்கத்தான் எல்லோரும் அங்கே அண்ணாந்து நிற்கிறார்கள். பார்வையைச் சற்றுத் தாழ்த்தித் தூண்களைப் பார்த்தால், பாயும் குதிரைகளும் அவற்றின் மேல் வீரர்களும் வேட்டைக்காரர்களும் வரிசை வரிசையாகத் தெரிவார்கள். வாளும் ஈட்டியும் ஏந்தியவர்களுக்கு நடுவே துப்பாக்கி ஏந்திய உருவமும் உண்டு. கோயில் தச்சன் தன் காலத்தில் தெருவில் கண்ட ஆயுதத்தைத் தயக்கமின்றிக் கல்லில் ஏற்றியிருக்கிறான். கடவுளின் கல்யாண மண்டபத்தில் அதற்கு இடம் உண்டா என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. ஊர் எப்படி இருந்ததோ அப்படியே பதிந்துவைத்தான். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. துப்பாக்கி என்பது கம்பெனிக்காரன் கொண்டுவந்தது, அதைச் சுற்றிய பொருள்களுக்கும் நமக்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கம்பெனி சென்னையில் கோட்டை கட்டத் தொடங்கியது 1640-இல்தான். அதற்கு முன்பே விஜயநகரத்துப் படையும் நாயக்கர் படையும் துப்பாக்கி ஏந்தின. பாளையக்காரர்களின் ஆட்கள் அதைத் தொடர்ந்தார்கள். எனவே மருந்தைச் சுமக்கும் கலமும் இம்மண்ணில் கம்பெனியைவிட மூத்தது.

காஞ்சியிலிருந்து வடக்கே போனால் புள்ளலூர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் இங்கே தன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது; அந்தப் பகைவர் சாளுக்கியர் என்பது வரலாற்றறிஞர்களின் முடிவு. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் அதே வயல்வெளிக்கு இன்னொரு போர் வந்தது. 1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையோடு கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். கம்பெனியின் முக்கியப் படை ஹெக்டர் மன்றோவின் தலைமையில் காஞ்சியில் இருந்தது. வடக்கிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி அதனோடு சேர வந்துகொண்டிருந்தார். ஹைதரின் மகன் திப்பு வழியில் மறித்தார். ஹைதரும் வந்து சேர்ந்தார். பெய்லியிடம் ஏறக்குறைய 3,800 பேர் இருந்தார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். மைசூர்ப் படையின் ராக்கெட்டுகளும் பீரங்கிகளும் சுற்றி வளைத்த நிலையில், பெய்லியின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதன் பிறகு சுடுவதற்கு மருந்தே இல்லை. படை அழிந்தது, பெய்லி சிறைப்பட்டு 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். உதவிக்கு வரும் தொலைவில் இருந்த மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். இந்தப் போரின் முடிவைத் தீர்மானித்தவற்றுள் வீரமும் வியூகமும் உண்டு. ஆனால் களத்தின் நடுவில் நின்றது ஒரு கேள்விதான்: மருந்து எதில், எப்படிச் சுமக்கப்பட்டது? எல்லாவற்றையும் ஒருசில வண்டிகளில் ஏற்றியவன் ஒரே பொறியில் எல்லாவற்றையும் இழந்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784-இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில் திப்பு இந்தப் போரை ஓவியமாகத் தீட்டவைத்தபோது, படத்தின் நடுவே வைத்ததும் அந்த மருந்து வண்டி வெடிக்கும் காட்சியைத்தான். களத்தைக் கண்டவர்களுக்கு முக்கியமானது எது என்பது தெரிந்திருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். கம்பெனிச் சிப்பாய் மருந்துக் கொம்பைச் சுமக்கவில்லை. அளந்த மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டிய தோட்டாக்களைத் தோல்பையில் வைத்திருந்தான். ஆகவே புள்ளலூருக்கும் கொம்புக்கும் என்ன தொடர்பு என்று படையியல் அறிந்தவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. சீருடைக் காலாட்படையைப் பொறுத்தவரை அது உண்மையும் கூட. ஆனால் அக்காலப் போரைச் சீருடைப் படைகள் மட்டும் நடத்தவில்லை. மைசூர்ப் படையிலும், ஆற்காட்டு நவாபின் படையிலும், பாளையங்களிலும், ஊர்க்காவலிலும் திரித்துப்பாக்கி ஏந்திய ஆட்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் காகிதத் தோட்டா சுருட்டிக் கொடுக்கவில்லை. தங்கள் மருந்தைத் தாங்களே சுமந்தார்கள்; சுமக்கும் கலத்தைத் தங்கள் வீட்டிலேயோ ஊர்த் தச்சனிடமோ செய்துகொண்டார்கள். சீருடைச் சிப்பாயின் பையும் தோட்டாவும் கம்பெனியின் கிடங்குக் கணக்கில் ஏறின. திரித்துப்பாக்கிக்காரனின் கொம்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஏட்டில் இல்லை என்பதனால் களத்திலும் இல்லை என்று முடிவு கட்டினால், கணக்கு எழுதியவனின் கண்ணாலேயே வரலாற்றைப் பார்த்தவர்களாவோம்.

புள்ளலூரில் இன்று நிற்கும் நினைவுச் சின்னங்களே இதற்குத் தெளிவான சான்று. வயல்களுக்கு நடுவே இரண்டு கூர்ந்த தூண்கள் இருக்கின்றன. பெய்லி தோற்ற போருக்கு மறு ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27 அன்று, சர் அயர் கூட் இதே இடத்தில் ஹைதருடன் பொருதார். அந்தப் போரில் இறந்த ஜார்ஜ் பிரவுன், ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்ற இரு அதிகாரிகளுக்காக எழுப்பியவை அந்தத் தூண்கள். பெயர் பொறித்த கல் அவர்களுக்குக் கிடைத்தது, அது தவறில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளில் இரு தரப்பிலும் இங்கே விழுந்த தெலுங்கரும் தமிழரும் கன்னடரும் முஸ்லிம்களும் ஆயிரக்கணக்கானோர் பெயரில்லாமல் மண்ணில் கலந்தார்கள். ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள திருப்புட்குழியின் தலபுராணமோ நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறது. பிறர் பொருட்டுப் போரிட்டு விழுந்த ஒரு பறவையின் சிதைக்கு அரசகுமாரன் தன் கையால் தீயிட்டான் என்கிறது அது. அந்தத் தீயின் வெப்பம் தாங்காமல் தேவியர் இருவரும் இடவலம் மாறி அமர்ந்தார்கள் என்று கருவறைத் திருமேனிகளுக்குக்கூட விளக்கம் சொல்கிறார்கள். விழுந்தவனுக்குக் கடன் செய்ய வேண்டும் என்ற அறம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. நடுகல் நட்ட மரபு நம்முடையது. துப்பாக்கி ஏந்திய காலாளுக்கு மட்டும் நாம் நடுகல் நடவில்லை; அவன் கையால் செய்து தோளில் மாட்டிய பொருளையும் பேணவில்லை.

ஏன் பேணவில்லை என்பதற்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை, சட்டமும் காரணம். 1799-இல் பாஞ்சாலங்குறிச்சியும் 1801-இல் சிவகங்கையும் வீழ்ந்த பின், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்பாளையங்களில் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். பிறகு 1878-இன் ஆயுதச் சட்டம் நாடு முழுவதும் உரிமமின்றித் துப்பாக்கி வைப்பதைக் குற்றமாக்கியது. துப்பாக்கி போன வீட்டில் மருந்துக் கொம்புக்கு வேலை இல்லை, வைத்திருப்பதே ஆபத்து. அது அடுப்புக்கோ குப்பைக்கோ போயிருக்கும். இதற்கு மாறான ஒரு சான்று பக்கத்திலேயே இருக்கிறது. குடகில் கொடவர்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு கிடைத்தது. அங்கே துப்பாக்கி வீட்டுப் பொருளாகவே தொடர்ந்தது. ஆண்டுதோறும் கைல் பொள்து திருநாளில் அதைப் பூவைத்துப் பூசிக்கிறார்கள். ஆயுதம் பறிபோகாத இடத்தில் அதைச் சுற்றிய சடங்கும் நினைவும் பறிபோகவில்லை. தமிழ்நாட்டில் எஞ்சியவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் படைக்கலக் கூடத்தில் இருக்கும் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் போன்றவை. அவை அரசர்களின் ஆயுதச்சாலையிலிருந்து வந்தவை. குடியானவன் வீட்டுச் சுவரில் தொங்கியது அங்கே வந்து சேர வழியில்லை.

கொம்பைப் பேணிய நாட்டில் வரலாறு எப்படிச் செழித்தது என்பதற்கு அமெரிக்கா உதாரணம். அங்கே பதினெட்டாம் நூற்றாண்டின் போர்களில் குடிப்படையினர் தங்கள் மருந்துக் கொம்புகளில் கத்தி முனையால் பெயரையும் ஆண்டையும் முகாமின் பெயரையும் கீறிக்கொண்டார்கள். ஆறுகள், கோட்டைகள், சாலைகள் அடங்கிய வரைபடங்களைப் பொறித்த கொம்புகளும் உண்டு. மாசசூசெட்ஸ் குடிப்படையில் இருந்த ஜான் புஷ் என்ற கறுப்பினத்தவர் 1755-56 ஆண்டுகளில் ஜார்ஜ் ஏரிக்கரை முகாமில் பிற வீரர்களுக்காகச் செதுக்கிய கொம்புகளின் கொடி வேலைப்பாட்டை இன்றும் வல்லுநர்கள் அடையாளம் காண்கிறார்கள். சிறைப்பட்டு இறந்துபோன அந்த மனிதருக்குக் கல்லறை இல்லை; அவர் கை செதுக்கிய கொம்புகள் இருக்கின்றன. தோட்டாவும் உலோகக் குப்பியும் வந்து கொம்புக்கு வேலை முடிந்த பின்னும், அங்குள்ள ஆர்வலர்கள் பழைய கொம்புகளை அளந்து, படம் எடுத்து, அதே முறையில் வீட்டிலேயே செய்து பார்க்கிறார்கள். அப்படிச் செய்தபோதுதான் எந்த நுனி எதற்காக அப்படிக் கடையப்பட்டது, எந்தப் பள்ளம் வாரைக் கட்டுவதற்கு, எந்தத் தேய்மானம் எந்தக் கைப்பழக்கத்தால் வந்தது என்பதெல்லாம் விளங்கின. கைவினைப் பொருளைப் பற்றிய அறிவில் பாதி ஏட்டில் கிடைக்கும். மறுபாதி கையில்தான் கிடைக்கும்.

அந்தக் கைவேலையை இங்கே யாரும் தொடங்கலாம். வேண்டியவை எளியவை. இயற்கையாக இறந்த அல்லது இறைச்சிக்காக வெட்டப்பட்ட மாட்டின் அல்லது எருமையின் கொம்பு போதும். பசுக் கொம்பும் காளைக் கொம்பும் உருண்டு, வெளிர் நிறத்தில், சுரண்டச் சுரண்ட ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகும்; உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடலாம். எருமைக் கொம்பு கறுத்து, தட்டையாக, வரிவரியாக இருக்கும். கனமும் உறுதியும் கூடுதல். உள்ளே இருக்கும் எலும்புத் தண்டை நீக்குவதுதான் முதல் வேலை. வெந்நீரில் நன்றாகக் கொதிக்கவைத்தால் தண்டு தளர்ந்து கழன்று வரும். நாற்றம் அடிக்கும் வேலை என்பதால் வீட்டுக்குப் புறத்தே செய்வது நல்லது. பின் அகன்ற பக்கத்தை ரம்பத்தால் நேராக அறுத்து, கூர்நுனியையும் சிறிது வெட்ட வேண்டும். நுனிப்பகுதி சில விரற்கடை தூரம் கெட்டியாக இருக்கும். உட்குழி எதுவரை வருகிறது என்பதை ஒரு கம்பியை உள்ளே விட்டு அளந்துகொண்டு, நுனியிலிருந்து துளையிட்டுக் குழியோடு சேர்க்க வேண்டும். துளை ஓரமாகப் போனால் கொம்பு கெட்டுப்போகும் என்பதால் நிதானம் தேவைப்படும் இடம் இது. அகன்ற வாய் முட்டைவடிவில் இருக்கும். கொதிநீரில் வைத்தால் கொம்பு இளகும். அந்தச் சூட்டிலேயே கூம்பு வடிவ மரக்கட்டையைச் செருகி ஆறவிட்டால் வாய் வட்டமாகிவிடும். பிறகு பூவரசம் கட்டையில் அதன் அளவுக்கு அடைப்புக் கடைந்து, தேன்மெழுகு பூசிச் செருகி, சுற்றிலும் மர ஆணிகளோ பித்தளை ஆணிகளோ அறைய வேண்டும். நுனிக்குக் கீழே வார் கட்ட ஒரு பள்ளமும், நுனித் துளைக்கு ஒரு மரக்குமிழும் சேர்ந்தால் உடல் முடிந்தது. அரத்தாலும் கத்தியாலும் மேற்பரப்பைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, கடைசியில் சாம்பலும் எண்ணெயும் இட்டுத் துணியால் துலக்கினால் கொம்பு பளபளக்கும். தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் கட்டாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

அலங்காரத்தில்தான் காஞ்சிக்காரர்களின் கை தனித்து நிற்கும். வெளிர்க் கொம்பில் ஊசிமுனையால் கோடு கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். கறுத்த எருமைக் கொம்பில் கரிக்குப் பதில் சுண்ணாம்பைத் தேய்த்தால் வெள்ளைக் கோடு எழும். எதைக் கீறுவது என்பதற்கு அமெரிக்கப் படிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. காஞ்சிப் பட்டின் கரையிலும் உடலிலும் நெசவாளர்கள் பல தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த களஞ்சியம் இருக்கிறது: கோபுரக் கரை, ருத்திராட்சம், மயில்கண், மாங்காய், வாழைப்பூ, அன்னம், யாளி. அடியில் ஒரு கோபுரக் கரை, நடுவில் அன்னமும் யாளியும், நுனியை நோக்கி ருத்திராட்ச வரி என்று அமைத்தால், கூம்பிச் செல்லும் கொம்பின் வடிவத்துக்கு அது இயல்பாகவே பொருந்தும். வரைபடம் பொறிக்க விரும்பினால் காஞ்சி, திருப்புட்குழி, புள்ளலூர், பாலாறு ஆகியவற்றைப் பொறிக்கலாம். செய்தவர் பெயரும் ஆண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். பெயரில்லாமல் போன கைகளைப் பற்றிப் பேசும் பொருளில் இன்னொரு பெயரில்லாத கை இருக்கக் கூடாது. செய்முறையையும் எழுதிவைக்க வேண்டும். திருப்புட்குழிக் கோயிலின் கீல்குதிரை வாகனம் உண்மைக் குதிரை போல அசைவது. அதைச் செய்த சிற்பி அதுபோல் இன்னொன்று செய்வதில்லை என்று உறுதி பூண்டார் என்றும், அவரைப் போற்றும் வகையில் உற்சவத்தில் பெருமாள் அவர் பெயர் கொண்ட வீதிக்கு எழுந்தருள்கிறார் என்றும் ஊர் மரபு சொல்கிறது. கலைஞனைப் பெருமாளே தேடிப் போகும் ஊர் என்பது பெருமைக்குரியது. ஆனால் அந்த வித்தை அவரோடு போய்விட்டது என்பது இழப்பு. நாம் செய்வது நம்மோடு போகக் கூடாது.

இனி மறுப்புகள். கொல்லும் கருவிக்குத் துணைபோன பொருளை அழகுபடுத்துவது போரை அழகுபடுத்துவதாகாதா என்பது முதல் மறுப்பு. போரை அழகுபடுத்துவது எது என்று பார்க்க வேண்டும். வெற்றி ஓவியங்களும் தளபதிகளின் தூண்களும் பீரங்கிகளின் காட்சியும்தான் அதைச் செய்கின்றன. அவற்றில் மனிதர்கள் வரிசைகளாகவும் தொகைகளாகவும் மறைந்துபோகிறார்கள். ஒரு மருந்துக் கொம்பைக் கையில் எடுத்தால், அதை ஒருவன் ஒரு மாலைப்பொழுதில் சுரண்டிச் செய்தான், அதன் வாரில் அவன் தோளின் எடை பதிந்தது என்பது தெரியும். படையைத் தனி மனிதனாகப் பார்க்கவைக்கும் பொருள் போருக்குத் துணைபோகாது. இரண்டாவது மறுப்பு சமயம் சார்ந்தது: பெருமாள் கோயில்கள் சூழ்ந்த வட்டாரத்தில் மாட்டுக் கொம்பை வீட்டுக்குள் கொண்டுவருவதா? இது மனத்தைத் தொடும் கேள்வி; அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். கருவறையில் முழங்கும் சங்கு ஒரு கடல் உயிரின் கூடு. தவிலும் மிருதங்கமும் தோலால் ஆனவை. காஞ்சியின் புகழான பட்டே புழுக்கூட்டை வேகவைத்து எடுத்த நூல். இறந்த உயிரின் உடலிலிருந்து பயனும் அழகும் எடுப்பதை நம் மரபு தீட்டாகக் கருதவில்லை. அந்த உயிரை மதித்துப் பயன்படுத்தச் சொன்னது. மாட்டுப் பொங்கலன்று கொம்பைச் சீவி, வண்ணம் தீட்டி, பித்தளைக் குப்பி மாட்டி வணங்கும் மக்களுக்குக் கொம்பு அந்நியப் பொருள் அல்ல. இருந்தும் மனம் ஒப்பாதவர்கள் மூங்கிலிலோ சுரைக்குடுக்கையிலோ செய்யலாம். அவையும் பழைய கலங்களே. ஆனால் மான் கொம்பையும் தந்தத்தையும் தொடவே கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுப்பது மட்டும் அதற்குக் காரணமில்லை, காட்டு உயிர்களுக்கு இனி இழக்க மிச்சமில்லை என்பதும் காரணம்.

மூன்றாவது மறுப்பு எல்லாவற்றிலும் கடுமையானது, அதற்குச் சமரசம் இல்லாத பதில் வேண்டும். மருந்துக் கொம்பு செய்யத் தொடங்கினால் மருந்தும் செய்துபார்க்கும் ஆசை வராதா? காஞ்சியைச் சேர்ந்த குருவிமலையில் 2023 மார்ச் 22 அன்று ஒரு பட்டாசு ஆலை வெடித்து, கூலி வேலைக்குச் சென்ற பலர் உயிரிழந்தார்கள். அது நடந்தது பெய்லியின் வண்டிகள் வெடித்த அதே வட்டாரத்தில்தான். இருநூற்று நாற்பது ஆண்டுகளில் கரிமருந்தின் குணம் சிறிதும் மாறவில்லை. 1884-இன் வெடிபொருள் சட்டமும் 1959-இன் ஆயுதச் சட்டமும் உரிமமின்றி மருந்து செய்வதையும் துப்பாக்கி வைப்பதையும் தடுக்கின்றன. அந்தத் தடை சரியானது. ஆகவே இங்கே பேசுவது என்றென்றும் வெறுமையாக இருக்கப்போகும் ஒரு கொம்பைப் பற்றி மட்டுமே. பழம்பொருளைப் படி எடுப்பவர்களின் நோக்கம் கலத்தை அறிவதுதான். கலத்தை அறிய அதில் மருந்து இருக்க வேண்டியதில்லை. வேண்டுமானால் அதில் உப்பையோ பொடி மணலையோ இட்டு, நுனித் துளையிலிருந்து எவ்வளவு வேகத்தில் சரிகிறது, தலைகீழாகக் குலுக்கினால் சிந்துகிறதா, ஒரு நாள் முழுதும் தண்ணீரில் போட்டாலும் உள்ளே ஈரம் ஏறாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். அந்தச் சோதனை அக்காலக் காலாளின் சிக்கல்களை எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாகக் காட்டும்.

இத்தனை பொருள்கள் அழிந்திருக்க இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்களும் உண்டு. அரசரின் வாள் காப்பாற்றப்பட்டுவிட்டது. தளபதியின் தூண் நிற்கிறது. கம்பெனியின் கிடங்குக் கணக்கு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. விடுபட்டவன் அந்தக் காலாள் ஒருவனே, அவன் விட்டுச்சென்றிருக்கக்கூடிய தடயமும் ஏறக்குறைய இது ஒன்றே. திருப்புட்குழிக்கும் காஞ்சிக்கும் வருகிறவர்கள் ஒரு நாளைக் கூட்டி, நூற்றுக்கால் மண்டபத்தின் துப்பாக்கி வீரனையும் புள்ளலூர்த் தூண்களையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும். காஞ்சியைச் சுற்றியுள்ள பள்ளிகள் தங்கள் மாணவர்களைப் புள்ளலூருக்கு அழைத்துச் சென்று, அங்கே எந்தெந்தப் பெயர்கள் இருக்கின்றன, எந்தெந்தப் பெயர்கள் இல்லை என்று எழுதச் சொல்ல வேண்டும். நம் அருங்காட்சியகங்கள் படைக்கலக் கூடங்களில் வாளுக்கும் துப்பாக்கிக்கும் தருகிற விளக்கத்தை மருந்து சுமந்த கலங்களுக்கும் தமிழில் எழுதிவைக்க வேண்டும். வீட்டுப் பரணில், பழைய தச்சுப் பெட்டியில், அடியை மரத்தால் அடைத்து நுனியில் துளையிட்ட ஒரு மாட்டுக் கொம்பு கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். படம் எடுங்கள், அளவு குறியுங்கள், யாருடையது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிவையுங்கள், அருகில் உள்ள அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்.